பத்தொன்பது நாள் இருந்த குழாய்

என் மகள் உமாவின் உடம்பில் இரண்டு தழும்புகள் இருக்கின்றன. ஒன்று வலது காறையெலும்புக்குக் கீழே, சட்டைக் கழுத்து மறைக்கிற இடத்தில். இன்னொன்று இடது தொடையின் மேல்பக்கம். முதல் தழும்பு நோயால் வந்தது. இரண்டாவது என்னால் வந்தது. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இடையில் வருகிற ஆஸ்பத்திரிச் செய்திகள், பிள்ளையை வைத்துக்கொண்டு தவிக்கிற வேறு யாருக்காவது உதவினால் நல்லது.

சங்கரன்கோவிலில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் விஞ்ஞான ஆசிரியர். ஏழாம் வகுப்புக்குக் கிருமிகள் பாடம் எடுப்பேன். "கண்ணுக்குத் தெரியலன்னா இல்லன்னு அர்த்தமாலே?" என்று நான் கேட்டால் பையன்கள் கையைப் பின்னால் மறைத்துக்கொள்வார்கள். அப்படி ஒரு வாத்தியார்.

உமாவுக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஒரு சின்ன ஓட்டை. வளர வளர மூடிக்கொள்ளும் என்றார்கள், நாங்களும் அதை மறந்தே போனோம். அவளுக்கு ஆறு வயது நடந்தபோது சாயங்காலமானால் காய்ச்சல் வர ஆரம்பித்தது. உள்ளூரில் டைபாய்டு என்று மருந்து கொடுத்தார்கள். ஒரு மாதமாகியும் காய்ச்சல் விடவில்லை, பிள்ளை வெளுத்துப்போய் மாடிப்படி ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். மதுரைக்குக் கொண்டுபோனோம்.

அங்கே குழந்தைகள் வார்டைப் பார்த்துக்கொண்ட டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. உமாவின் நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். கீழ்க் கடைவாயில் ஒரு சொத்தைப் பல். பால் பல்தானே, எப்படியும் விழத்தானே போகிறது என்று நான் விட்டுவைத்த பல். டாக்டரம்மா உடனே இரத்தம் எடுக்கச் சொன்னார். மூன்று புட்டிகளில் எடுத்து வெதுவெதுப்பான பெட்டியில் வைப்பார்கள், இரத்தத்தில் கிருமி இருந்தால் அங்கே பெருகித் தெரியும். அதற்கு மூன்று நாள். ஆய்வுக்கூடத்து வாசல் பெஞ்சில் அந்த மூன்று நாளும் உட்கார்ந்திருந்தேன். கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்றேன். வந்தவர்களில் பாதிப்பேர் டீ வாங்கப் போகிறவர்கள்.

நான்காம் நாள் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சார், நீங்க சயின்ஸ் டீச்சர். உங்களுக்குச் சொன்னா புரியும்" என்று சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். பல்லிலிருந்து இரத்தத்துக்குள் இறங்கிய கிருமி, இதயத்தின் ஓட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு பாசிபோல் வளர்கிறது. பென்சிலினை நேராக நரம்பு வழியாகச் செலுத்த வேண்டும். நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம், ஆறு வாரம். நடுவில் விட்டால் பாசி பிய்ந்துபோய் மூளையில் அடைக்கலாம்.

வெளியே வந்தால் என் மனைவி பேச்சியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். "என்ன சொன்னாவ? முழுசாச் சொல்லுங்க, பாதிய முழுங்காதிய" என்றாள். டாக்டரம்மா பேசி முடித்த ஒவ்வொரு தரமும் அவள் இதையே கேட்டாள். நானும் சொன்னேன். சொல்லும்போது எனக்கு வாத்தியார் குரல் வந்துவிடும். பயத்தின் நடுவிலும் 'உங்களுக்குப் புரியும்' என்று டாக்டரம்மா சொன்னது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இருந்ததை இல்லை என்று சொல்லி என்ன ஆகப்போகிறது?

முதல் பத்து நாள் ஊசியைக் கை நரம்பில்தான் குத்தினார்கள். பிள்ளைகளின் நரம்பு நூல்மாதிரி. மருந்தின் காரம் தாங்காமல் இரண்டு நாளில் வீங்கிவிடும். அதை விட்டு அடுத்த கை, பிறகு பாதம், பிறகு தலை. பத்தாம் நாள் நர்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு வரும்போதே உமா கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டாள். அவளை இழுத்துப் பிடிக்கிற வேலை என்னுடையது.

அப்போதுதான் பெரிய குழாய் வைக்கலாம் என்றார் டாக்டரம்மா. சேமியாவைவிடச் சற்றுத் தடிமனான ஒரு மெல்லிய குழாய். காறையெலும்புக்குக் கீழே துளைத்து, இதயத்துக்குப் போகிற பெரிய நரம்புக்குள் அதை நுழைத்துவிடுவார்கள். நுனி இதயத்துக்குச் சற்று மேலே நிற்கும். அங்கே இரத்தம் ஆறுபோல் ஓடுவதால் மருந்தின் காரம் உடனே கரைந்துவிடும், நரம்பு வீங்காது. வெளியே ஒரு முனை மட்டும் பிளாஸ்திரிக்கு அடியில் இருக்கும். திரும்பத் திரும்பக் குத்த வேண்டாம். "ஒரே ஒரு கவலைதான் சார். இது எத்தனை நாள் தாங்கும்னு சொல்ல முடியாது."

டாக்டரம்மா அதற்கென்று ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். அந்த வார்டில் குழாய் வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி. வயது, எந்த இடத்தில் வைத்தது, வைத்த நாள், எடுத்த நாள், எடுத்த காரணம். கோடுகள் கோணல்மாணலாக இருந்தன. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மதியம் அடிக்கோலை வாங்கிப் புதிய பக்கங்களுக்கெல்லாம் நானே பத்தி பிரித்துக் கோடு போட்டுக் கொடுத்தேன். போடும்போதே படித்தேன். சின்னப் பிள்ளைகள் தாங்களே இழுத்துப் பிடுங்கிவிடுகிறார்கள். மெல்லிய குழாய் சீக்கிரம் அடைத்துக்கொள்கிறது. அடைக்காமலிருக்க, ஹெபாரின் என்ற, இரத்தத்தை உறையவிடாத மருந்தை ஒவ்வொரு தரமும் கடைசியில் உள்ளே விட்டு மூடுகிறார்கள். கழுத்தில் வைத்தது தலை திரும்பத் திரும்ப நகர்கிறது. தொடையில் வைத்தது சிறுநீர் பட்டு நனைகிறது. எல்லாவற்றிலும் மோசம், அடிக்கடி திறப்பதும் பல கைகள் தொடுவதும். 'எடுத்த காரணம்' என்ற கடைசிப் பத்தியை எல்லாவற்றையும்விட அகலமாகப் போட்டவன் நான்தான்.

உமாவுக்குக் குழாய் வைத்தார்கள். அன்றைக்கு ஒரே ஒரு தடவை அழுதாள், அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். இளையரசனேந்தலிலிருந்து என் மச்சினன் ஞாயிற்றுக்கிழமைதோறும் மூன்று பஸ் மாறி, ஆட்டுப்பாலைத் திரட்டுப்பாலாகக் காய்ச்சி எடுத்துக்கொண்டு வருவான். பிள்ளை தின்பதைப் பார்த்துவிட்டு, ஆடுகளைக் கட்ட வேண்டும் என்று அப்படியே திரும்பிப் போவான். காய்ச்சல் விட்டது. பேச்சியம்மாள் ஊருக்குப் போய்த் துணிமணி எடுத்து வந்தபோது, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காகிதப் பொட்டலத்தைக் காட்டினாள். புற்றுமண்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கோயிலில் தருகிற புற்றுமண்ணைச் சொறி சிரங்கு, தேள்கடி, பூச்சிக்கடி எதற்கும் குழைத்துப் பூசுவது எங்கள் ஊர் வழக்கம். ஒரு சிட்டிகை வாயிலும் போட்டுக்கொள்வோம்.

"நெத்தியில மட்டும் வச்சுவிடுதேன்" என்றாள்.

பக்கத்துக் கட்டில்காரர்கள் கேட்கும்படியே அவளை ஏசினேன். "ஏளா, இது ஆஸ்பத்திரி. மண்ணுல எத்தனை கிருமி இருக்கும்னு தெரியுமா ஒனக்கு? ஒரு வாத்தியார் பொண்டாட்டி செய்யுற வேலையா இது?" பொட்டலத்தை வாங்கி என் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு துணியை மடித்தாள்.

குப்பைக்கூடையில் போட்டிருக்கலாம். போடவில்லை. கோயில் மண்ணைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை. நம்பிக்கை இல்லாதவன் என்று ஊருக்குள் சொல்லித் திரிந்த எனக்குத்தான்.

குழாய் வைத்த பதினேழாம் நாள் மதியம். பேச்சியம்மாள் கீழே துணி துவைக்கப் போயிருந்தாள். பிளாஸ்திரி ஒட்டிய இடத்தைச் சுற்றி உமாவுக்குச் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. "அரிக்குப்பா, அரிக்குப்பா" என்று நெளிந்தாள். டாக்டரம்மா கொடுத்த லோஷனைப் போட்டும் அடங்கவில்லை. நான் கண்ணாடியைத் துடைத்த நேரத்தில் கையை உள்ளே விட்டு வறட்டென்று சொறிந்தாள். குழாய் ஒரு விரற்கடை வெளியே நழுவினாற்போல் இருந்தது. நோட்டில் அவள் வயதுப் பிள்ளைகளுக்கு எதிரே இருந்த காரணம் இதுதானே. இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். அவள் உதறினாள். நர்ஸைக் கூப்பிட்டேன், யாரும் வரவில்லை.

பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தேன். தம்ளரில் குடிக்க வைத்திருந்த தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டு மோதிர விரலில் குழைத்தேன். பிளாஸ்திரியின் ஒரு மூலையை மட்டும் தூக்கித் தடிப்பின்மேல் பூசினேன். துளை இரண்டு விரல் தள்ளித்தான் இருந்தது. துளையில் படவில்லை, படாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். மறுபடியும் ஒட்டிவிட்டேன்.

"குளுகுளுன்னு இருக்குப்பா."

"அம்மாட்ட சொல்லாத மக்கா" என்றேன்.

அவள் தூங்கிவிட்டாள். சொறியவில்லை. எனக்குக் கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாகக்கூடத் தோன்றியது.

அந்த இரண்டு நாளும் மதுரை வெயிலில் பிள்ளைக்கு வியர்த்து ஊற்றியது. பத்தொன்பதாம் நாள் காலை நர்ஸ் குழாய் வழியாக மருந்தை விட்டுவிட்டுப் போய் அரைமணி நேரம் ஆகவில்லை, உமாவுக்குக் குளிர் கண்டது. கட்டில் சத்தம் போடுகிற அளவுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. டாக்டரம்மா ஓடிவந்து பிளாஸ்திரியை உரித்தார். வியர்வையில் கரைந்த மண் செக்கச்சிவப்பாக ஓடி, துளையைச் சுற்றிக் கட்டி நின்றது. அதற்கடியில் சீழ்.

"யார் வச்சது இதை?"

டாக்டரம்மா என்னைப் பார்க்கவே இல்லை. நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு நின்ற பேச்சியம்மாளைத்தான் பார்த்தார்.

பேச்சியம்மாள் மண்ணைப் பார்த்தாள். பிறகு என் சட்டைப்பையைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

"நான்தாம்மா" என்றாள் அவள். "அரிக்குன்னு அழுதா. எங்க ஊரு மண்ணு. தெரியாம வச்சிட்டேன்."

"உங்க வீட்டுக்காரர் இவ்வளவு படிச்சவர். அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

பேச்சியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் முந்திக்கொண்டாள் என்று இத்தனை காலம் எனக்கு நானே சொல்லிவந்தேன். அது பொய். அவள் சொன்ன பிறகும் எனக்கு வேண்டிய நேரம் இருந்தது. நான் சலைன் புட்டியில் குமிழி ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

குழாயை உருவி எடுத்துவிட்டார்கள். கிருமி இரத்தம் முழுக்கப் பரவியிருந்தது. கைகால் சில்லிட்டது, கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. நெஞ்சுப் பக்கம் மறுபடி வைக்க முடியாது என்று தொடையில் இன்னொரு குழாய் வைத்தார்கள். மச்சினன் தந்தி கிடைத்து வந்து இரத்தம் கொடுத்தான். ஊசியைக் கண்டால் மயங்குகிறவன், சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கொடுத்தான். "ரெண்டு நாள் தாண்டட்டும் சார், அப்புறம் பேசலாம்" என்றார் டாக்டரம்மா. பிள்ளை கண் திறந்தால் அந்த நிமிஷமே உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் கண் திறந்து திரட்டுப்பால் கேட்டாள். அன்றைக்கு டாக்டரம்மா களைத்திருந்தார், நாளை சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் அவரோடு பெரிய டாக்டர் இருந்தார். அதற்கு மறுநாள் எதுவும் குறுக்கே இல்லை. அன்றும் சொல்லவில்லை.

ஆறு வாரக் கணக்கு முதலிலிருந்து ஆரம்பித்தது. தொடைக் குழாய்கள் அந்த நோட்டில் அதிக நாள் தாங்கியதில்லை. கட்டு மாற்றும்போது இனி சார் மட்டும் பக்கத்தில் இருக்கட்டும், அம்மா வெளியே போகட்டும் என்று உத்தரவாகிவிட்டது. நான் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிக்கொண்டு பிள்ளையின் காலைப் பிடித்துக்கொள்வேன். பேச்சியம்மாள் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்ப்பாள். ராயகிரியிலிருந்து ஒரு பெண் தன் குழந்தையைப் பக்கத்துக் கட்டிலில் சேர்த்திருந்தாள். அவளிடம் டாக்டரம்மா, "குழாய்ப் பக்கம் கையே கொண்டுபோகாதீங்க. இந்த அம்மாவைக் கேளுங்க, சொல்லுவாங்க" என்றார். பேச்சியம்மாள், "ஆமா தாயி, நான் பட்டது போதும்" என்று சொல்லிக்கொண்டே உமாவின் தலையை வாரினாள். அதன்பிறகு அந்தப் பெண் தன் குழந்தையைப் பேச்சியம்மாளிடம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளக்கூடக் கொடுத்ததில்லை.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. உமா தேறிவந்த நாட்களில் டாக்டரம்மா ஒரு பெரிய அட்டையையும் இந்தியன் இங்க்கும் கொண்டுவந்தார். "உங்க கையெழுத்து அச்சு மாதிரி இருக்கு சார். வார்டுல மாட்டத் தமிழ்ல எழுதித் தாங்க." அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். குழாய் நீடித்திருக்கத் தாய்மார்கள் கவனிக்க வேண்டியவை. குழந்தை இழுக்காமல் பார்த்துக்கொள்க. கட்டு நனைந்தால் உடனே சொல்க. ஐந்தாவதாக இதை எழுதினேன்: கோயில் மண், திருநீறு, எண்ணெய் எதையும் பூசாதீர். ஒரு தாய் அப்படிப் பூசியதால் ஒரு குழந்தையின் குழாய் பத்தொன்பதாம் நாளில் எடுக்கப்பட்டது.

'ஒரு தாய்' என்பதையும் கோடு பிசகாமல் எழுதினேன்.

தொடைக் குழாய் கடைசிவரை தாங்கியது. மருந்து முடிந்துதான் அதை எடுத்தார்கள். ஊர் திரும்பினோம். பேச்சியம்மாள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கொஞ்ச நாள் என் முகத்தை அடிக்கடி பார்த்தாள். நான் நோட்டுத் திருத்துகிறவனாகவோ சைக்கிள் துடைக்கிறவனாகவோ ஆகிவிடுவேன்.

மறு வருஷம் பரிசோதனைக்குப் போனோம். உமா இரண்டாம் வகுப்புக்கு வந்திருந்தாள். புதிதாக வாசிக்கக் கற்ற மிதப்பில் பஸ் போர்டு, சோப்பு விளம்பரம் எதையும் விடமாட்டாள். இதயத்தைக் கேட்டுவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கா" என்றார் டாக்டரம்மா. வெளியே வரும்போது உமா சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஏ, அப்பா எழுத்து!"

விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, வார்டுக்கே கேட்கிற மாதிரி வாசித்தாள். ஐந்தாவதுக்கு வந்தாள். "ஒரு... தாய்... அப்படி... பூசியதால்..." முழுவதும் வாசித்து முடித்துவிட்டுத் திரும்பினாள். "எந்த அம்மாப்பா பூசினா? அந்தப் பிள்ள செத்துப்போச்சா?"

பேச்சியம்மாள் குனிந்து, பையிலிருந்து சீப்பைத் தேடினாள்.

"சாகல மக்கா" என்றேன். "அது நீதான். பூசினது அம்மா இல்ல. அப்பா."

டாக்டரம்மா வாசலில் நின்றிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பி மறுபடியும் சொன்னேன், அவரோடு வழக்கமாகப் பேசும் ஆங்கிலம் இல்லாமல். "அன்னைக்கு மண்ணைப் பூசினது நான். அவ கொண்டுவந்ததைப் பிடுங்கி வச்சுக்கிட்டு, அவ இல்லாத நேரத்துல நான் பூசினேன்."

"எத்தனை பேர்கிட்ட இந்த அம்மாவைக் காட்டிப் பேசியிருக்கேன்" என்றார் அவர். பேச்சியம்மாளின் கையைப் பிடித்து ஏதோ சொல்ல வந்தார். அவள், "இருக்கட்டும்மா" என்றாள். டாக்டரம்மா உள்ளே போய் நீள நோட்டைக் கொண்டுவந்து, உமாவின் வரியில், நான் அகலமாகக் கோடு போட்ட பத்தியில் ஒரு சொல்லை அடித்து வேறு சொல் எழுதினார். பிறகு அந்தப் பேனாவை என்னிடம் நீட்டினார்.

அட்டையில் 'ஒரு தாய்' என்பதை அடித்து, மேலே 'ஒரு தகப்பன்' என்று எழுதினேன். தலைப்பிலும் தாய்மார்களை அடித்துப் பெற்றோர் என்று போட்டேன். இந்த முறை எழுத்து கோணிக்கொண்டு போனது.

திரும்பும் பஸ்ஸில் ராஜபாளையம்வரை உமா ஜன்னலோரம் கடைப் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்து அம்மா மடியில் தூங்கிவிட்டாள். எங்கள் ஊருக்கு முந்தின கரிவலம் நெருங்கும்போது நான் கேட்டேன். "அன்னைக்கு எதுக்கு நீ ஏத்துக்கிட்ட?"

"என்னைய ஏசினா ஏசிட்டுப் போறாவ" என்றாள். "ஒங்கள ஏசிட்டா, பெறவு ஒங்ககிட்ட இங்கிலீசுல பேசுவாவளா? அவுக ஒங்ககிட்ட பேசலன்னா எம்பிள்ளைக்கு என்ன செய்தாவன்னு எனக்கு யாரு சொல்லுவா?"

அவள் பிள்ளையின் காலை இழுத்து மடியில் சரியாக வைத்துக்கொண்டாள்.

"வீட்டுக்கு வந்த பெறவு எங்கிட்ட மட்டுமாச்சும் சொல்லுவியன்னு இருந்தேன். ஒரு மூணு மாசம் இருந்தேன். பெறவு விட்டுட்டேன்."

பஸ் கரிவலத்தில் நின்றது. யாரோ இரண்டு பேர் இறங்கினார்கள்.